சாரல் காலத்து டிஸ்க்

ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் கை நிறைய வேலை. லாட்ஜ்காரர்கள் ரூம் வாடகையை ஏற்றுவார்கள். குற்றாலம் ரோட்டோரம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவியும். பிரானூர் பார்டரில் புரோட்டாக் கல் ஆறவே ஆறாது. எனக்கும் சீசன் உண்டு. என்னிடம் வருபவை ஹார்ட் டிஸ்க்குகள்.

கடை எதுவும் வைத்திருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து வெளியூர் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. 2011இல் மத்தளம்பாறைக்கு ஜோஹோ வந்த பிறகு தென்காசி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் மென்பொருள் எழுதுகிற பிள்ளையிடம் கெட்டுப்போன டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது முழிக்கும். கண் டாக்டரிடம் பல் வலியைச் சொன்ன கதைதான் என்று எழுத வந்தேன், வேண்டாம், டாக்டர்கள் இதைப் படிக்கிறார்கள். எப்படியோ, அப்படி முழித்த பிள்ளைகள் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மூலம் காற்று. தென்னை மட்டை லைனில் உரசும். கரண்ட் போகும், வரும், வந்த வேகத்தில் மறுபடி போகும். ஒரேயடியாகப் போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தால் பெரிய சேதம் இருக்காது. இந்த விட்டு விட்டு வருவதுதான் பொல்லாதது. பெட்டி எழுந்து, பாதியில் விட்ட வேலையை டிஸ்க்கில் சரி செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த வெட்டு விழும்.

"எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கே" என்பார்கள். இருக்கும். 2012 வாக்கில் ஊரெல்லாம் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் வாங்கியதாக இருக்கும், ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும். லைன் போய் பேட்டரிக்கு மாறுகிற அந்த இடைவெளியை ஃபேன் கண்டுகொள்ளாது, சுற்றின வேகத்திலேயே சுற்றும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் அப்படியில்லை. ஏடிஎக்ஸ் வரையறைப்படி அது தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் 16, 17 மில்லிசெகண்ட்தான். கெபாசிட்டர் உப்பிப்போன பழைய எஸ்எம்பிஎஸ் அதையும் தாங்காது. பல இன்வெர்ட்டர்களின் முதுகில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதில் போட்டால் மாறுகிற வேகம் கூடும். நான் போகிற வீடுகளில் அது பெரும்பாலும் மற்றப் பக்கம்தான் தள்ளியிருக்கிறது. பேட்டரி நாள்பட உழைக்கட்டும் என்று எலக்ட்ரீஷியன் செய்த உபகாரம்.

இந்தப் பதிவு ஒரே ஒரு டிஸ்க்கைப் பற்றியது. குற்றாலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியுடையது. அவர் அப்பா ஃபிலிம் காலத்தில் பேரருவிக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக நிற்க வைத்துப் படம் எடுத்து, விலாசம் வாங்கிக்கொண்டு, பிரிண்டைத் தபாலில் அனுப்பியவர். செல்போன் வந்து அந்தத் தொழில் போயிற்று. அண்ணாச்சி கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று மாறிக்கொண்டார். ஆனால் ஒரு வழக்கத்தை விடவில்லை. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் கேமராவை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். வருஷா வருஷம் அந்த வளைவும் வெள்ளமும். அப்பா எடுத்த நெகட்டிவ்களையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். எல்லாம் மாடியில், ஒரு பழைய அசெம்பிள் பெட்டியில். டெபியன் லினக்ஸ், வீட்டுக்குள் பகிர சாம்பா, சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, படங்களுக்கு நாலு டெராபைட் ஹார்ட் டிஸ்க், அதில் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். மகன் காலேஜில் படிக்கும்போது அமைத்துக் கொடுத்தது. ஒழுங்காகவே செய்திருந்தான்.

ஆடிக் காற்று ஓங்கி அடித்த ஒரு மத்தியானம் போன் வந்தது.

"தம்பி, பொட்டி எந்திரிக்க மாட்டேங்கு. கறுப்புத் திரையில இங்கிலீசுல என்னமோ கேக்கு. பய 'ஒய்' அடிக்கவாங்கான்."

"ஒண்ணும் அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க அண்ணாச்சி. ஆஃப் பண்ணி வைங்க. வாரேன்."

திரையில் இருந்தது என்ன என்று போகாமலே சொல்லிவிடலாம். தொடங்கும்போது லினக்ஸ் டிஸ்க்கைத் தானே சோதிக்கும். பிறகு எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, எஃப்எஸ்செக்கைக் கையால் ஓட்டு என்று சொல்லி எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். கையால் ஓட்டினால் ஒவ்வொரு கோளாறாகக் காட்டி 'சரி செய்யட்டுமா' என்று கேட்கும். இரண்டு மூன்று கேள்வி வரை மனுஷன் படிப்பான். இருபதாவது கேள்வியில் பொறுமை போய், எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்கிற ஒய் ஆப்ஷனைப் போட்டு ஓடவிடுவான். இணையத்தில் தேடினாலும் முதலில் கிடைக்கும் பதில் அதுதான்.

நான் இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒய் பற்றிச் சொல்லத்தான். எஃப்எஸ்செக் உங்கள் படங்களைக் காப்பாற்ற எழுதிய நிரல் இல்லை. ஃபைல் சிஸ்டத்தின் கணக்கில் முரண் இல்லாமல் செய்து, மறுபடி மவுண்ட் ஆகும் நிலைக்குக் கொண்டுவர எழுதியது. முக்கால்வாசி நேரம் இரண்டும் ஒரே வேலையாகத்தான் இருக்கும். அப்படி இல்லாமல் போகும் நாளில் அது கணக்கின் பக்கம்தான் நிற்கும். நிலம் அளக்க வரும் சர்வேயரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சர்வே நம்பரை இரண்டு பேர் பாத்தியம் கொண்டாடினால் அவருக்குப் பொறுக்காது, பிரித்துக் கல் நட்டுவிட்டுத்தான் போவார். அதில் யார் விதைத்த நெல் நிற்கிறது என்பது அவர் பதிவேட்டில் கிடையாது.

ஈஎக்ஸ்டி4இல் ஒரு படம் மூன்று இடத்தில் பிரிந்து கிடக்கிறது. பெயர் இருப்பது டைரக்டரியில். அளவு, தேதி, எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்ற விவரம் ஐநோடில். உண்மையான படம் பிளாக்குகளில், ஒவ்வொன்றும் வழக்கமாக 4 கிலோபைட். 32,768 பிளாக் சேர்ந்தது ஒரு தொகுதி, அதாவது 128 மெகாபைட். நாலு டெராபைட் டிஸ்க்கில் இப்படி முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த தொகுதிகள். ஒவ்வொரு தொகுதிக்கும் எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்று ஒரு பிட்மேப். இத்தனை கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

கரண்ட் போனாலும் ஒத்துப்போவதற்காகத்தான் ஜர்னல். 2001இல் ஈஎக்ஸ்டி3 லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தபோது கூட வந்தது. 2008 டிசம்பரில் ஈஎக்ஸ்டி4 பக்குவப்பட்டுவிட்டது என்று அறிவித்தபோதும் அதே ஏற்பாடுதான். செய்யப்போவதை முதலில் ஜர்னலில் எழுது, பிறகு உரிய இடத்தில் எழுது. இடையில் கரண்ட் போனால் ஜர்னலைப் பார்த்து முடித்துக்கொள். இதில் பலர் கவனிக்காத விஷயம், இயல்பான அமைப்பில் ஜர்னலுக்குள் போவது கணக்கு மட்டும்தான். உங்கள் படத்தின் உள்ளடக்கம் போகாது. இன்னொன்று, 'எழுதிவிட்டேன்' என்று டிஸ்க் சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். டிஸ்க்குக்குள்ளேயே ஒரு கேஷ் மெமரி இருக்கிறது. தட்டில் இறங்காததை இறங்கியதாகச் சொல்லிவிட்டு, அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனால், ஜர்னல் நம்பிக்கொண்டிருந்த அஸ்திவாரமே ஆடிவிடும்.

மாடிக்குப் போனதும் நான் எஃப்எஸ்செக் பக்கமே போகவில்லை. கெர்னல் லாக்கைப் பார்த்தேன். சாட்டா இணைப்பை மறுபடி மறுபடி ரீசெட் செய்ததாக வரி வரியாக இருந்தது. அடுத்து டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரம். அதில் ஏகப்பட்ட எண்கள் வரும். நான் பார்ப்பது நாலுதான். 5 என்பது மாற்றிப் போட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, முயன்றும் தேறாதவை. 199, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் கெட்டுப்போன தகவல்களின் எண்ணிக்கை. அண்ணாச்சி டிஸ்க்கில் 5 சுத்தம். 197இல் கொஞ்சம். 199 நூற்றுக்கணக்கில்.

199 ஏறினால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் விழ வேண்டும். பெட்டியைத் திறந்து சாட்டா கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் கனெக்டர் முனை மங்கி, நிறம் மாறியிருந்தது. சாரல் அடிக்கிற பக்கத்து ஜன்னலை ஒட்டிப் பெட்டி. குற்றாலத்தில் அப்பளம் நமுத்துப்போக எடுக்கும் நேரத்தை அறிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. நூறு ரூபாய்க் கேபிள். அது கெட்டிருந்தபோது எஃப்எஸ்செக்கை ஓட்டியிருந்தால், திருத்தம் என்று எழுதுவதும் அதே கேபிள் வழியாகத்தானே போயிருக்கும்? படிக்க முடியாமல் போய், நல்ல ஐநோடைக் கெட்டது என்று தீர்மானித்து அழித்திருக்கலாம். வன்பொருளை நம்பலாம் என்று தெரியும்வரை எந்தப் பழுதுபார்ப்பு நிரலையும் தொடக் கூடாது. கேபிளை மாற்றினேன். ரேமையும் மெம்டெஸ்ட் போட்டுப் பார்த்தேன், அது சரியாக இருந்தது.

அடுத்தது நகல். ஃபைல்களை நகலெடுப்பதைச் சொல்லவில்லை, மவுண்ட் ஆகாத டிஸ்க்கில் ஏது ஃபைல். முதல் செக்டரிலிருந்து கடைசி வரை டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு. இதற்கு குனு டிடிரெஸ்க்யூ. நன்றாகப் படிக்க வருகிற இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கிற இடங்களைக் குறித்துவைத்து, பிறகு வந்து சின்னச் சின்னத் துண்டாகக் கேட்டுப் பார்க்கும். எது ஆயிற்று, எது பாக்கி என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போவதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊருக்கென்றே எழுதியதுபோல. சாகப்போகிற டிஸ்க் என்றால் முதல் சுற்றிலேயே கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், அடுத்த சுற்று வாய்க்கும் என்று உத்தரவாதம் இல்லை.

புது டிஸ்க் வாங்க வேண்டும் என்றதும் அண்ணாச்சி முகம் சுருங்கியது. "அந்த எஃப்எஸ் என்னமோவை முதல்ல போட்டுப் பாப்போமே தம்பி. சரியாயிட்டா செலவு மிச்சம்லா." இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: போன படத்தைத் திரும்ப எடுக்க முடியுமென்றால் இப்போதே போடலாம். மகனைத் தென்காசிக்கு அனுப்பி டிஸ்க் வாங்கிவரச் சொன்னார். புதியது பழையதைவிட ஒரு பைட்கூடக் குறையக் கூடாது. நான் எப்போதும் ஒரு படி பெரியதாக வாங்கச் சொல்லுவேன்.

நாலு டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வீதம் படித்தாலே ஏழரை மணி நேரம். உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் பாதியாகிவிடும் என்பதால் நடைமுறையில் அதற்கும் மேல். வெளியில் சாரல். உளுந்த வடை வந்தது. அப்போதுதான் அண்ணாச்சி ஒரு படத்தைப் பற்றிச் சொன்னார்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் இன்றைய ராஜகோபுரம் 1990இல் எழுப்பியது. அதற்கு முன் வெகு காலம், பழைய கோபுரம் இரண்டாகப் பிளந்துதான் நின்றது. புதுக் கோபுரம் எழுந்த பிறகு பிறந்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை, நானும்தான். அண்ணாச்சியின் அப்பா 120 ஃபிலிமில் அதை எடுத்திருக்கிறார். அந்த நெகட்டிவில் பூஞ்சாணம் ஏறிப் போயிற்று. ஃபிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் பூஞ்சாணத்துக்கு நல்ல சாப்பாடு. போவதற்கு முன்னால் ஸ்கேன் செய்த டிஃப் ஃபைல் இந்த டிஸ்க்கில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

"பராக்கிரம பாண்டியன் கல்லுல வெட்டி வச்சிட்டுப் போயிருக்கான், படிச்சிருக்கீங்களா?" என்றார். கோயில் எழுந்தது பதினைந்தாம் நூற்றாண்டில். கட்டிய கையோடு அந்த மன்னன் ஒரு பாட்டு வெட்டிவைத்தான். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஒரு குறை வந்து, அதை நேர்செய்து காப்பாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களை இப்போதே பணிகிறேன் என்று. கட்டினவனே இது ஒருநாள் கெடும் என்று எழுதிவைத்த கல்வெட்டு வேறு எங்காவது இருக்கிறதா தெரியாது. சர்வர் பார்க்கிறவர்கள் அடுத்து வருகிறவனுக்கு ஒரு குறிப்புகூட எழுதிவைக்காமல் வேலை மாறிப் போகிற காலத்தில் இருக்கிறோம். எனக்கு அந்த மன்னனைப் பிடித்துப்போனது.

நகல் முடிந்தது. சில இடங்கள் தவிர எல்லாம் வந்துவிட்டன. பழைய டிஸ்க்கைக் கழற்றி, பெயர் எழுதி, பீரோவில் வைக்கச் சொன்னேன். இனி வேலை நகலில்.

முதலில் எஃப்எஸ்செக்கை 'என்' (-n) ஆப்ஷனோடு ஓட்டினேன். எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'; டிஸ்க்கில் ஒன்றும் எழுதாது, கோளாறுகளை மட்டும் அடுக்கும். பட்டியலைக் கோப்பில் சேமித்து நிதானமாகப் படிக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. படிக்க மட்டும் மவுண்ட் செய்து பார்ப்போமே என்று சிலர் ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்வார்கள். ஈஎக்ஸ்டி4 அப்போதும் ஜர்னலை ஓட்டும், அதாவது டிஸ்க்கில் எழுதும். அதைத் தடுக்க நோலோட் என்ற ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும்.

ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் சூப்பர்பிளாக் அண்ணாச்சி டிஸ்க்கில் பிழைத்திருந்தது. அது போயிருந்தாலும் பயம் இல்லை. 32768, 98304, 163840 என்று பல பிளாக்குகளில் அதன் பிரதிகள் இருக்கும், அவற்றில் ஒன்றைக் காட்டி ஓட்டலாம். அந்த இடங்களைக் கண்டுபிடிக்க எம்கேஈ2எஃப்எஸ்ஸை அதே 'என்' (-n) ஆப்ஷனோடு ஓட்டச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. எனக்கு அந்த யோசனையே பிடிக்காது. அது ஃபார்மெட் செய்கிற கட்டளை. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்டால் கதை முடிந்தது.

பட்டியலில் இரண்டு வகைக் கோளாறு தெரிந்தது. ஒரு டைரக்டரி பிளாக் படிக்க முடியாத இடத்தில் விழுந்திருந்தது. அந்த ஃபோல்டரில் இருந்த படங்களுக்கெல்லாம் ஐநோடு உண்டு, பெயர் இல்லை. இன்னொன்று கொஞ்சம் கடுமை. சில பிளாக்குகளை இரண்டிரண்டு ஃபைல்கள் சொந்தம் கொண்டாடின. ஏதோ ஒரு வெட்டில் பிட்மேப்பின் பழைய பிரதி தட்டில் தங்கிவிட்டது, அது நிரம்பிய இடத்தைக் காலி என்று காட்டியது, கெர்னல் அதை நம்பிப் புதுப் படங்களை அங்கே எழுதிவிட்டது என்பதுதான் என் கணிப்பு.

அதன் பிறகு நிஜமாக ஓட்டினேன், ஒய் போட்டுத்தான். நகல் கையில் இருக்கும்போது ஒய் போட எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது. கூடவே இசட் ஆப்ஷனில் ஒரு அண்டூ ஃபைலும் கொடுத்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் இருந்த நிலையை அதில் எழுதிவைக்கும், வேண்டாமென்றால் ஈ2அண்டூ வைத்துப் பின்னோக்கிப் போகலாம். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எஃப்எஸ்செக் ஐந்து கட்டமாகப் போகும். ஐநோடுகள், டைரக்டரிகள், டைரக்டரிகள் வேரோடு சேர்கின்றனவா, எத்தனை பெயர்கள் எந்த ஐநோடைச் சுட்டுகின்றன, கடைசியாக பிட்மேப் கணக்கு. முதல் கட்டத்தில் ஒரே பிளாக்குக்கு இரண்டு சொந்தக்காரர்கள் கிடைத்தால் நடுவே உட்கட்டங்கள் புகுந்து, அந்த பிளாக்கைப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடும். கணக்கு நேராகிவிடும். ஆனால் அந்த பிளாக்கில் இருந்தது ஒருத்தருடைய தகவல்தான். மற்றவருக்குக் கிடைத்தது அடுத்தவர் சரக்கின் நகல். எஃப்எஸ்செக் 'சுத்தம்' என்று சொல்லி முடித்துக்கொண்டது.

பெயரில்லாத படங்கள் எல்லாம் லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் ஃபோல்டரில் வந்து விழுந்தன, ஐநோடு எண்ணையே பெயராகச் சுமந்துகொண்டு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் போட்டோக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் எல்லாம் எக்ஸிஃப் தகவலாக இருக்கும். எக்ஸிஃப்டூலை ஓடவிட்டுத் தேதிவாரியாகப் பெயர் மாற்றிப் பிரித்தோம். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து தேதியைப் பார்த்தே "இது இலஞ்சி கல்யாணம், இது மேலகரம் சடங்கு" என்று ஃபோல்டருக்குப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஞாபகத்துக்கு எந்த நிரலும் ஈடில்லை. நல்லவேளை, கணக்கு வழக்கு எக்செல் ஷீட்டுகள் அந்த ஃபோல்டரில் இல்லை. அவற்றைத் திறந்து பார்த்துத்தான் இனம் காண வேண்டியிருக்கும்.

அதோடு முடியவில்லை. ஈஎக்ஸ்டி4 தன் கணக்குக்குச் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்ளும், உங்கள் படத்துக்கு வைக்காது. அதனால் 'சுத்தம்' என்ற பிறகும் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்தாக வேண்டும். ஜேபெக் படங்களை ஜேபெக்இன்ஃபோ என்ற சின்ன நிரல் மொத்தமாகச் சோதித்து, உடைந்தவற்றைப் பட்டியல் போட்டுவிடும். உடைந்தவை இருந்தன. ஒரு கல்யாண ஆல்பத்தில் கொஞ்சம், வெள்ளப் படங்களில் ஒன்றிரண்டு. ஜேபெக் சுருக்கி எழுதுவதால் நடுவில் ஒரு பிளாக் மாறினாலும் அதற்குக் கீழே படம் முழுக்கப் பாழ்.

கோபுரப் படம் பெயரோடு, தன் இடத்திலேயே இருந்தது. ஐம்பது மெகாபைட்டுக்குக் கிட்டத்தட்ட, சுருக்காத டிஃப். திறந்தோம். மேல்பக்கம் ஒரு விரல்கடை உயரத்துக்கு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், உப்பும் மிளகும் கொட்டியதுபோல் ஒரு பட்டை. இரண்டு பேர் சொந்தம் கொண்டாடிய பிளாக்குகளில் இந்தப் படத்துடையதும் சேர்ந்திருக்கிறது. அங்கே புகுந்திருந்தது யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்பு. அந்த வளைகாப்புப் படம் அழகாகத் திறந்தது. சுருக்காத ஃபைல் என்பதால் இங்கே கெட்டது அந்தப் பட்டை மட்டும். கீழே பிளந்த கோபுரம் கல் கல்லாகத் தெரிந்தது. அதே படத்தை இடம் மிச்சம் பிடிக்க ஜேபெக்காக வைத்திருந்தால் கோபுரமே கிடைத்திருக்காது.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வானந்தானே போச்சு" என்றார். பிரிண்டில் பிரஷ் வைத்து டச்சிங் செய்து தொழில் பழகியவர். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து மேகத்தை நிரப்பிவிட்டார். நான் பார்த்தேன், சேர்ந்த இடம் தெரியவில்லை.

எஃப்எஸ்செக்கே வேண்டாத ஃபைல் சிஸ்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சன் நிறுவனம் 2005இல் வெளிவிட்ட இசட்எஃப்எஸ்ஸுக்கு எஃப்எஸ்செக்கே கிடையாது. இருக்கிற பிளாக்கின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றும்; உங்கள் தகவலுக்கும் செக்சம் வைக்கும்; இரண்டு டிஸ்க்கில் மிரர் போட்டிருந்தால் ஸ்க்ரப் என்ற சோதனை ஓடும்போது கெட்டதை நல்லதிலிருந்து எடுத்துத் தானே திருத்திக்கொள்ளும். பட்டர்எஃப்எஸ்ஸும் ஏறத்தாழ அந்த வழி. ஆனால் அதன் பழுதுபார்க்கும் கட்டளையை விவரம் தெரிந்தவர் சொல்லாமல் ஓட்டாதே என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் கதை வேடிக்கை. அதற்கென்று ஒரு எஃப்எஸ்செக் இருக்கிறது, அது எதுவும் செய்யாமல் வெற்றி என்று சொல்லிவிட்டு வெளியேறும், மேனுவலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. உண்மையான வேலைக்கு எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர். முடியாத ஜர்னல் இருந்தால் அது ஓட மறுக்கும். பெரிய எல் ஆப்ஷன் போட்டு ஜர்னலையே துடைத்துவிட்டு ஓட்டலாம், கடைசி நிமிஷத்து மாற்றங்கள் போனால் போகட்டும் என்கிற நிலையில் மட்டும்.

அண்ணாச்சிக்கு இசட்எஃப்எஸ் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாளைக்கு நான் ஊரில் இல்லாதபோது அது நின்றால் பக்கத்தில் யாருக்கும் கை வராது. ஈஎக்ஸ்டி4 என்றால் மகனே பார்த்துக்கொள்வான். பெட்டியை ஜன்னலை விட்டு நகர்த்தினோம். அதற்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி, யூஎஸ்பி கேபிளால் பெட்டியோடு இணைத்து, யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் மென்பொருளைப் போட்டோம். பேட்டரி இறங்கினால் பெட்டி தானாக ஒழுங்காக நிற்கும். எல்லாப் படங்களுக்கும் ஒரு செக்சம் பட்டியல் எடுத்து வைத்தோம். தென்காசியில் மகள் வீட்டில் ஒரு வெளி டிஸ்க். மாசம் ஒருமுறை இங்கே வந்து, ஆர்சிங்க் வைத்து நகலெடுத்து முடிந்ததும் திரும்பிவிடும். மிரர் போட்டால் போதாதா என்று மகன் கேட்டான். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில், ஒரே ஜன்னலோரத்தில் இருக்குமே தம்பி என்றேன்.

பீரோவில் இருந்த பழைய டிஸ்க்குக்கு மட்டும் முடிவு ஏற்படவில்லை. 197இல் எண்ணிக்கை ஏறியிருந்தது, அதில் இனி ஒன்றும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போன வாரம் அண்ணாச்சி போன் செய்தார்.

"தம்பி, அந்தப் பழைய டிஸ்க்கு சும்மாத்தானே கெடக்கு. ஐந்தருவி ரோட்டுல சகலை பழக்கடைக்கு சிசிடிவி மாட்டுதாரு. அதுல போட்டா ஓடாதா?"

"ஓடும் அண்ணாச்சி. திருடன் வந்த அன்னைக்கு மட்டும் ஓடாது."

"அங்க என்ன திருடன் வரப்போறான். கொரங்குதான் வரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாட்டியும் விட்டார்களாம்.